சீலா மீன் செதுக்குன மேசை

ஜூலை 9, புதன்

கச்சான் காத்து இன்னும் விடல. கண்ணுல, காதுல, சோத்துப்பானையில எல்லாம் மணல். கரையில கணவாய் மீனுக்கு நல்ல விலை. நான் ஏலம் கூறுன கூடையெல்லாம் நிமிசத்துல போச்சு.

மதியம் மாதா கோயில் பங்குச்சாமி ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. சாமியார் தங்குற பழைய வீட்ட இடிச்சுக் கட்டப் போறாக. அதுல கிடக்குற சாமானெல்லாம் ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஏலம். எப்பவும் ஏலம் விடுற உபதேசியாருக்குத் தொண்டை கட்டிருச்சு. "நீ கரையில கூறுற மாதிரியே இங்கனயும் கூறிரும்மா ஸ்டெல்லா." சரின்னுட்டேன். உள்ளுக்குள்ள பெருமைதான்.

வாங்கணும்: உப்பு, ஷாம்பு, அருளுக்கு முதுகுத் தைலம்.

ஜூலை 10, வியாழன்

சாமான் பாக்கப் போனேன். ரெண்டு கட்டில், நாக்கு இல்லாத மணி, துருப்பிடிச்ச சைக்கிள், கால் ஆடுற நாற்காலிக. கடைசி ரூம்ல தார்ப்பாய்க்கு அடியில ஒரு எழுதுற மேசை.

பழைய காலத்துது. பர்மா தேக்காம். மேல்பலகை சாய்வா இருக்கு, தூக்குனா உள்ள காகிதம் வைக்க இடம். ரெண்டு பக்கமும் திராட்சைக் கொடி. மூடி மேல ஒரு பாய்மரக் கப்பல், அதுக்குக் கீழ வரிசையா மீனு. எல்லாம் சீலா! மூக்கும் வாலும் பாத்தாலே தெரியுது. அதுல ஒண்ணு மட்டும் எதுத்தாப்புல திரும்பிப் போகுது. தனியா நின்னு சிரிச்சேன்.

ஆசை வந்துருச்சு. நகைக்குக்கூட இப்படி ஆசைப்பட்டதில்ல. தெனமும் மடியில வச்சு எழுதுறேன், கழுத்து போகுது. எனக்குன்னு ஒரு மேசை இருந்தா என்ன?

சாமிகிட்ட வெக்கத்த விட்டுச் சொன்னேன். "ஏலம் விடுறவுகளே கேக்கக் கூடாதும்மா. வேணும்னா வீட்டுக்காரர கேக்கச் சொல்லு."

அங்கதான் சிக்கல். அருளு என்ஜின் மெக்கானிக்கு. என்ஜின்கிட்ட மட்டும்தான் பேசுவாரு. கல்யாணத்தன்னிக்கு "சம்மதம்"னு சொன்னதே முன்வரிசைக்குக் கேக்கல.

ராத்திரி சொன்னேன். "பன்னெண்டாயிரம் வரைக்கும் கேளுங்க. அதுக்கு மேல போனா விட்டுருவோம்."

"ம்."

"சத்தமாக் கேக்கணும்."

"ம்."

ஜூலை 12, சனி

காத்து கொஞ்சம் அடங்கிருக்கு. மகளுக்கு ஹாஸ்டலுக்குக் கருவாடு அனுப்பியாச்சு.

காரைக்குடியில இருந்து பழைய மரச்சாமான் யாவாரி ஒருத்தரு வந்து மேசையப் பாத்துட்டுப் போனாராம். தடவித் தடவிப் பாத்தாராம்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதிரணும்.

கட்டில், மணி, சைக்கிள் எல்லாம் சடசடன்னு போச்சு. கடைசியா மேசை. நான் வாயத் தொறந்தா சும்மா விடுவனா? கப்பலச் சொன்னேன், கொடியச் சொன்னேன், திரும்பிப் போற மீனச் சொன்னேன். சனம் கைதட்டுது. விலை ஏறுது. அப்பத்தான் ஒறச்சுச்சு, எனக்கு வேண்டிய மேசைய நானே எட்டாம ஏத்திக்கிட்டு இருக்கேன். ஆனா கோயிலுக்காகக் கூறுறப்ப மட்டமாக் கூற முடியுமா?

அருளு பின்னால வேப்பமரத்தடியில. கையத் தூக்கித் தூக்கிக் கேட்டாரு. கடைசியில அவுகளும் யாவாரியும் மட்டும். அருளு பன்னெண்டாயிரம். அந்த நேரம் பாத்து யாவாரிக்குப் போன் வந்துச்சு. காதுல வச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளியில போயிட்டாரு.

"ஒரு தரம்." ஆளக் காணோம். "ரெண்டு தரம்." காணோம். சாமி வாட்ச்சப் பாக்குறாரு. மூணுன்னு சொன்னா மேசை எனக்கு. ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாக.

வாய் வரல. கரையில இத்தன வருசத்துல, கேக்குற ஆள் அங்கிட்டுத் திரும்புன நேரம் பாத்து முடிச்சதில்ல.

"காரைக்குடிக்காரர யாராச்சும் கூப்பிடுங்க"ன்னேன்.

"அடி கிறுக்கி!"ன்னு பொம்பளைக பக்கத்துல இருந்து ஒரு சத்தம். எல்லாரும் சிரிப்பு. யாவாரி ஓடியாந்தாரு. "பதினஞ்சு."

போச்சுன்னு நெனச்சேன். அருளப் பாத்து வேணாம்னு தலையாட்டுனேன். அவுக என்னையே மொறச்சுப் பாத்துக்கிட்டு, பக்கத்துல கிடந்த பெஞ்சு மேல ஏறி நின்னு,

"பதினெட்டு!"

மைக்குல பேசுன எனக்கே அந்தச் சத்தம் வராது. மரத்துல இருந்த காக்கா பூராம் பறந்துருச்சு. யாவாரி திரும்பிப் பாத்தாரு, சிரிச்சுட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு. "அண்ணனுக்கே இருக்கட்டும்."

மூணு தரம். எப்படிச் சொன்னேன்னு தெரியல. அழுதுட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வெல்டிங் மெசினுக்குச் சேத்து வச்சதுல கை வச்சுட்டீகளே?"

"மெசின் எங்க போகப்போகுது? கடையிலதான இருக்கும்."

"எதுக்கு அப்படிக் கத்துனீக?"

"நீ அந்தாளக் கூப்பிட்டேல்ல? கோவம் வந்துருச்சு." சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிக்கிட்டே, "சந்தோசமாவும் இருந்துச்சு."

ஜூலை 14, திங்கள்

மேசை வாசல்ல நுழையல. தெருவுல ஆளுக்கொரு யோசனை. "கால அறுத்துருங்க." "வாசலயே இடிச்சுருங்க." அருளு போயி ஸ்பேனர எடுத்தாந்து ஜன்னலயே சட்டத்தோட கழட்டிட்டாரு. நாலு பேரு தூக்கி உள்ள எறக்குனாக. பீரோ வாசலுக்குப் போயிருச்சு.

எதுத்த வீட்டு மதினி சுத்திச் சுத்திப் பாத்தாக. "மிக்ஸி வைக்க நல்ல எடம்." கையெடுத்துக் கும்புட்டேன்.

நெறைய எழுதணும்னு உக்காந்தேன். மீனத் தடவிக்கிட்டே இருந்ததுல நேரம் போச்சு.

ஜூலை 15, செவ்வாய்

வெயிலு. காத்து இல்ல. நண்டு வரத்து கொறவு. முதுகுத் தைலம் இன்னும் வாங்கல.

அருளுக்குக் கரையில புதுப்பேரு. "பதினெட்டு அண்ணே, பதினெட்டு அண்ணே"ன்னு போட்டுக்காரப் பயலுக கூப்பிடுறானுக. சங்கடப்படுவாகளோன்னு எனக்குப் பதறுச்சு. எப்பவும் யார் கூப்பிட்டாலும் குனிஞ்ச தல நிமிராம போற மனுசன். இன்னிக்கு நின்னாரு. இடுப்புல கைய வச்சாரு. கரை முழுக்கக் கேக்குற மாதிரி,

"என்னலே!"