இரண்டாவது ஆல்பத்தில் உங்கள் கட்சி

பார்சலைப் பிரித்ததும் புது அச்சு மை வாசனைதான் முதலில் வந்தது. நேற்றே கூரியரில் வந்துவிட்டது. ஞாயிறன்று பிரிக்கலாம் என்று இன்றுவரை வைத்திருந்தேன். நம் ஆட்களின், அதுதான் அந்த ஆங்கில ராக் குழுவின், இரண்டாவது ஆல்பம். பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள். "ஏனுங்க, வந்திருச்சுங்க" என்று சொல்லத் தலையைத் தூக்கிவிட்டேன். எதிர் நாற்காலியில் யாருமில்லை. மூடியிருக்கும் என் கண்ணாடிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களைத் தவிர வேறு யார் வந்திருக்கிறார்கள்?

நாம் பேச ஆரம்பித்ததே இந்த ஆல்பத்தால்தான். அப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கேசட் கடை இருந்தது. வெளிநாட்டு இசைத்தட்டுகளிலிருந்து வேண்டியதைப் பதிந்து தருவார்கள். கல்லூரி முடித்து, அத்தாவின் கண்ணாடிக் கடையில் நான் உட்காரத் தொடங்கியிருந்த சமயம். நீங்கள் சூலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தீர்கள். சட்டைத் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. தறிக்குடோன் வைத்திருக்கும் வீட்டு ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. அந்த ஆங்கிலக் குழுவின் பெயரைச் சொல்லி, இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டீர்கள். நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அது எதுக்குங்க? மொத ஆல்பத்துல இருந்த கிட்டார்க்காரன் அதுல இல்லீங்களே."

நீங்கள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "அதுக்காகத்தானுங்க கேக்கறேன்" என்றீர்கள்.

ப்ரோக்ரெசிவ் ராக் என்றால் நம் ஊரில் அன்றைக்கும் விளங்காது, இன்றைக்கும் விளங்காது. ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவழியில் தாளம் மாறும், புல்லாங்குழல் நுழையும், பாடுகிறவன் எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவான். இரண்டாவது ஆல்பத்தில் அப்படியொரு நீண்ட பாட்டு. அதன் நடுவில் ஓரிடத்தில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் அடங்கிய குரலில் நடந்துகொண்டே இருக்கும். மேலே எதுவும் வராது. விலகிப்போன கிட்டார்க்காரன் வாசித்திருக்க வேண்டிய இடம் அது என்று கேட்கிற யாருக்கும் தெரியும்.

"ஆளு கெடைக்கலீங்க. அதான் காலியாக் கெடக்குது" என்பது என் கட்சி.

"காலியா இல்லீங் பாய். எடம் உட்டுருக்காங்க" என்பது உங்கள் கட்சி.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் சண்டை போட்டோம்! என் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் பிளேயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். முதலில் நாம் நான்கு பேர். வங்கியில் இருந்த நண்பர் மாற்றலாகி வடக்கே போனார். கல்லூரியில் பாடம் நடத்திய நண்பர் மகனோடு அமெரிக்காவில் இருக்கப் போனார். நாம் இருவரும் மிஞ்சினோம். அவ்வளவு சண்டையிலும் 'வாங்க, போங்க' மாறவேயில்லை. குரல் எவ்வளவு ஏறினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து உட்கார்ந்துகொள்ளும். என் மனைவி உயிரோடு இருந்தபோது டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவ்வளவு மரியாதையாச் சண்ட போடறவங்கள நான் பாத்ததேயில்ல" என்று சிரிப்பாள்.

குழுவிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கீபோர்டு வாசித்தவர் போனார், பாடியவர் போனார், டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார். ஒரு கட்டத்தில் பேஸ் கிட்டார்க்காரர் மட்டும்தான் முதல் நாளிலிருந்து இருந்தவர். இனி எதற்கு அதே பெயர், கலைத்துவிட்டுப் போகலாமே என்று ஒருநாள் கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கய்யன் போயிட்டாரு. எங்கக்காவக் கட்டிக் குடுத்தாச்சு. எம்பட சம்சாரம் வெள்ளகோவில்ல இருந்து வந்துச்சு. அதுக்காக ஊட்டுப் பேர மாத்திப்போட்டமுங்களா?"

அடுத்த வாரம் ஒரு பதிலோடு வந்தேன். அதையும் நீங்கள் மடக்கினீர்கள்.

உங்கள் காது போக ஆரம்பித்ததை நான் அந்த அறையில்தான் கண்டுகொண்டேன். தறிச் சத்தம் செய்த வேலை. காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் வெகு முன்பே சொல்லியிருந்தார். "தறிச் சத்தம் கேக்கலீன்னா, எது நின்னுபோச்சுன்னு எப்படிங்க தெரியும்?" என்று தள்ளிவிட்டீர்கள். ஒரு ஞாயிறு அந்த நீண்ட பாட்டை ஓடவிட்டிருந்தோம். கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்.

"பாய், அந்தப் புல்லாங்குழல் வருமுங்களே, வந்திருச்சுங்களா?"

அது வந்து, அறை முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"வந்திருச்சுங்க. இப்பத்தான் ஓடுது" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் எழுந்து போய் ஒன்றுமில்லாத அலமாரியில் எதையோ தேடினேன்.

மேல் ஒலிகள் முதலில் போயின. பிறகு பாட்டு, பிறகு கிட்டார். காது மிஷின் வைத்தால் எல்லாம் தகரத்தில் தட்டுவது போல இருக்கிறதென்று அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உட்காருவீர்கள். ஆனாலும் ஞாயிறு தவறவில்லை. பேஸும் டிரம்ஸும் மட்டும் நடக்கும் அந்த இடம் வரும்போது உங்கள் முகம் மாறும். ஒருமுறை சொன்னீர்கள்: "இந்த எடம் மட்டும் எனக்கு முழுசாக் கேக்குதுங் பாய். ஒண்ணும் கொறையலீங்க." அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி நான் எதிர்த்துப் பேசவில்லை. நீங்கள் விடவில்லை. "என்னுங்க, கம்முன்னு இருக்கறீங்க? சண்ட போடுங்க" என்று வம்புக்கு இழுத்தீர்கள். உங்களுக்குக் கேட்க வேண்டுமென்று கத்திக் கத்தியே சண்டை போட்டேன்.

போன வருடம் உங்கள் மனைவி போன் செய்தார். "அண்ணா, அவரு போயிட்டாருங்க." சூலூருக்குப் போனேன். வாசலில் பந்தல், சொந்தபந்தம், மில்காரர்கள். உங்கள் உறவுக்காரர் ஒருவர் நாற்காலி இழுத்துப் போட்டு, "பாய்க்கு எந்தூருங்க? எப்படிங்க பழக்கம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நூல் யாவாரமா என்றார், இல்லை என்றேன். ஒன்றாகப் படித்ததா என்றார், இல்லை என்றேன். பாட்டுக் கேட்கிற பழக்கம் என்றதும், "ஓ, கச்சேரிங்களா" என்று தலையசைத்துவிட்டு அடுத்தவரை வரவேற்கப் போனார். நான் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு சொல் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன். குடோனில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புதுப் பதிப்பில் இரண்டு தட்டுகள். ஒன்றில் பழைய பாட்டு அப்படியே இருக்கிறது. இன்னொன்றில், கேளுங்கள், அந்தக் கிட்டார் இருக்கிறது. விலகிப் போவதற்கு முன்பே அவர் அந்த இடத்துக்கு வாசித்துப் பதிந்திருக்கிறார். அவர் போன பிறகு மற்றவர்கள் அதை எடுத்துவிட்டு, வேறு யாரையும் அங்கே வாசிக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். ஆல்பத்தோடு வந்த புத்தகத்தில் பேஸ் கிட்டார்க்காரரே சொல்லியிருக்கிறார். இடம் விட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னதுதான்.

ஓடவிட்டுக் கேட்டேன். இத்தனை காலம் நான் ஏங்கிய கிட்டார். அற்புதமாக வாசித்திருக்கிறார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது உள்ளே வந்ததும் கீழே நடந்துகொண்டிருந்த பேஸ் எனக்குக் கேட்காமல் போய்விட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

இந்தக் குழுவின் ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஓர் அரட்டைப் பக்கம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள். உண்மைப் பெயர் யாருக்கும் இல்லை. பாட்டு இப்போதுதான் முழுமையடைந்தது என்று ஆளுக்கு ஆள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்ல நானல்லவா காத்திருந்தேன்! என் விரல்களோ வேறெதையோ தட்டின. பழையதே சரி, அந்த இடத்தை நிரப்பியிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். உங்கள் கட்சிக்கு அங்கே வேறு ஆளே இல்லை. ஒருவர், இந்தக் குழுவை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறாயா என்று கேட்டார். இன்னொருவர் நல்ல ஸ்பீக்கர் வாங்கச் சொன்னார். 'ங்க' போட்டுப் பேச அங்கே யாருமில்லை. நானும் விடவில்லை; நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன்.

கடைசியில் ஒருவர், அந்த வெறும் இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். காது போன என் நண்பருக்கு அந்த இடம் மட்டும்தான் முழுதாகக் கேட்டது என்று எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்து எழுதவில்லை. வருத்தம் தெரிவித்துச் சிலர் பூப்படம் போட்டார்கள். வாதம் அத்தோடு நின்றது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இப்படி ஜெயிக்க ஒப்பியிருக்க மாட்டீர்கள். "காது போனதுனால சொல்லலீங் பாய். நல்லாக் கேட்ட காலத்துல இருந்தே அதத்தானுங்க சொல்லிட்டிருக்கேன்" என்று சண்டைக்கு வந்திருப்பீர்கள்.

அதையும் அந்த அரட்டைப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.