பச்சைக் குடத்தின் இடம்

அக்கா, இன்று காலை தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற குடங்கள் எல்லாவற்றின் மேலும் சாம்பல் படிந்திருந்தது. உன் பச்சைக் குடத்தின் மேல் மட்டும் இல்லை.

அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் நம் தெருவில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். முந்தின நாளே வைத்த குடங்களின் தோளில் சலித்த மாவுபோல் படிந்து கிடக்கும். உன்னுடையது மட்டும் இப்போதுதான் கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. என் குடத்துக்கு முன்னால், நீ வழக்கமாக வைக்கும் அதே இடத்தில்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு பொன்னேரியில் உன் அண்ணனிடம் போய்விட்டார். ஆனாலும் லாரி வரும் நாளெல்லாம் குடம் வரிசையில் நிற்கிறது. பெண்கள் அதை நிறைத்து, பூட்டிக் கிடக்கும் உன் வீட்டு வாசலில் வைக்கிறார்கள். அடுத்த லாரிக்கு அது காலியாக மறுபடி வரிசைக்கு வந்திருக்கும். யார் வைப்பது என்று முதலில் ஒருவரையொருவர் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு மேரியக்கா ஒருமுறை அதைக் காலால் ஓரம் தள்ளினார். அன்று லாரியே வரவில்லை.

"வக்கீலம்மா ஸ்டே வாங்கிட்டா போலகீது" என்று தெரு உனக்கு வைத்த பெயரைச் சொல்லி யாரோ கிண்டல் செய்தார்கள். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

வரிசையில் குடம் இருந்தால் ஆள் இருப்பதாகவே கணக்கு என்பது நீ வாங்கிக் கொடுத்த தீர்ப்புதானே. விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் போவோம். ஆள் இல்லாத குடத்துக்கு இடம் கிடையாது என்று மேரியக்கா சண்டை போட்டார். கன்டெய்னர் யார்டில் எடைச் சீட்டு போடும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நீ, பையைத் தோளில் மாட்டியபடியே தெருவுக்கு வந்தாய். என்னைப் பிடித்து உன் வீட்டுப் படியில் உட்கார வைத்தாய்.

"நீதான் ஜட்ஜு. வாயத் தொறக்காத. கடசியா தல மட்டும் ஆட்டு."

"அய்ய, இந்த ஊமக்கோட்டானா ஜட்ஜு?" என்றார் மேரியக்கா.

"ஜட்ஜுன்னா அப்படித்தான் இருக்கணும். நீ கத்து, அவ கேட்டுக்கினு இருப்பா."

நீ பேசி முடித்ததும் நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து உனக்கு நான் ஜட்ஜம்மா.

பத்தாவது முடித்த கையோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அம்மா துறைமுகத்தில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பு போன பிறகு, மீன் கூடையின் முன்னால் நான்தான் உட்கார வேண்டியிருந்தது. விலை சொல்லிக் கூவ எனக்கு வராது. வாங்க வந்தவர்கள் நான் பேசுவேன் என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் நீ குனிந்து என் கூடையைப் பார்த்துச் சொன்னாய்: "இன்னாடி, வஞ்சிரமே உன்ன விட பெருசா வாயத் தொறந்துகினு கீது."

சட்டக் கல்லூரியில் சேர்வது பற்றி விசாரிக்கப் போன அன்றும் என்னைக் கூட்டிப் போனாய். நீயும் என்னைப்போல் பத்தாவதோடு நின்றவள்தான். பதினெட்டு முடிந்தால் பிளஸ் டூ இல்லாமலே பட்டம் படிக்கலாம் என்று யாரோ சொல்லி, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. முடித்தாய். தெரு முழுவதும் கேசரி சாப்பிட்டோம். அந்தப் பட்டச் சான்றிதழை உறைக்குள் போட்டு, பேருந்தில் வழியெல்லாம் மடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்தாய்.

அலுவலகத்து அம்மா பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்டார்.

"அதுக்கு மேலயே வச்சிகிறேன் மேடம், டிகிரி" என்றாய் நீ.

"டிகிரி செல்லாதுன்னு சொல்லலம்மா. சட்டம் படிக்கணும்னா பத்து, அப்புறம் பன்னெண்டு, அப்புறம்தான் டிகிரி. அந்த வரிசையில வந்திருக்கணும். உங்களுக்கு நடுவுல ஒண்ணு இல்லையே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "தனித்தேர்வரா பன்னெண்டு எழுதிப் பாஸ் பண்ணுங்க. அஞ்சு வருஷப் படிப்புக்கு வரலாம்."

திரும்பும்போது எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. நீ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. திருவொற்றியூர் தாண்டியதும் உறையைப் பைக்குள் வைத்தாய்.

"பரவால்ல, மொதல்லேர்ந்து வர்றேன். நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து பேரு குடுக்கலாம்."

"என்னால கோர்ட்டுலலாம் பேச முடியாதுக்கா."

"பேச நான் இருக்கேன். நீ கேட்டுக்கினு இரு."

அந்த முறை பெயர் பதியத் தொடங்குமுன் உனக்குக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றும்போது, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாய். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ திரும்பி வரவில்லை. நீ இல்லாமல் நான் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்றார் அம்மா. அந்த அடுத்த முறைக்குக் கடைசி நாள் இன்று. நேற்று முழுவதும் அதை நினைத்துக்கொண்டுதான் மீன் கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் லாரியோடு புது ஆள் ஒருவர் வந்திருந்தார். குழாயை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு குடமாக நிறைத்து வந்தவர், உன் குடத்தின் முன்னால் நின்றார்.

"யார்துமா இது?"

எப்போதும் இரையும் தெருவில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆளு இல்லியா? அப்ப எடுத்து ஓரமா போடு" என்று அவர் குடத்தின் கழுத்தில் கை வைத்தார். வைத்த வேகத்தில் கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஆளு கீது" என்று கேட்டது.

சொன்னது நான்தான் என்று எனக்கே சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. அவ்வளவு உரத்த குரல் எனக்குக் கிடையாது. அது கொஞ்சம் கரகரப்பாக, கடைசி எழுத்தை இழுத்து, நீ சொல்வது மாதிரியே இருந்தது. பக்கத்தில் நின்ற மேரியக்கா என்னைப் பார்க்கவில்லை. பூட்டிய உன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கீதுன்னா முன்னால வந்து நில்லு" என்றார் லாரிக்காரர்.

நான் என் இடத்தை விட்டு உன் இடத்தில் போய் நின்றேன். அவர் குழாயைக் குடத்துக்குள் விட்டார். குளிர்ந்த தண்ணீர் உள்ளே விழுந்துகொண்டிருக்க, குடத்தின் கழுத்து என் விரல்களுக்குள் சூடாக இருந்தது. வெயிலில் இருந்த சூடு இல்லை, வெயில் இன்னும் அங்கே வரவேயில்லை. யாரோ வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்து, கைமாற்றிவிட்டுப் போன சூடு. நான் கையை விடவில்லை.

இப்போதும், இதை எழுதும்போது, அந்தச் சூடு கையில் இருக்கிறது. உன் குரல் என்னிடம் இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. தனியாக இருக்கும்போது பேசிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

குடத்தை உன் வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். இன்று கூடைக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பத்தாவது மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு, தனித்தேர்வர்களுக்குப் பெயர் பதியும் இடத்துக்குப் பேருந்து ஏறினேன். என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் கேட்டார். சொன்னேன்.

"காதுல விழலியே. சத்தமா சொல்லும்மா."

பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன்.