ஊட்டி விடுதியில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடம்

என்னங்க,

இருபத்தாறு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை.

போன வாரம் ஊட்டிக்குப் போய் வந்தேன். ராணுவக்காரர் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் அறை தருவார்களே, அதே விடுதிதான். நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் மனைவிக்கு அங்கே இடம் உண்டாம். நம் மகள் செல்விதான் பதிவு செய்து கூட்டிப்போனாள்.

நாம் இருவரும் அங்கே போனது ஒரே ஒரு முறை. முதல் நாளே உங்களைக் காணோம். தேடிப்போனால், சமையலறையில் சட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வந்ததே கோபம்! "ஊட்டிக்கு வந்தும் சட்டி கழுவிக்கினு நிக்கிறீங்களே, உங்களுக்கு வேலக்காரன் புத்தி போவாதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தீர்கள். திரும்பும்போது விழுப்புரத்தில் இறங்கித் திண்டிவனம் பஸ் ஏறும்வரை நமக்குள் ஒரு பேச்சு இல்லை. அதற்குப் பிறகு ஊட்டிக்குப் போகலாமா என்று எப்போது கேட்டாலும், "நீ போய்ட்டு வா" என்பீர்கள்.

இந்த முறை ரசம் நன்றாக இருந்தது. சொல்லிவிட்டு வரலாமே என்று சமையலறைக்குப் போனேன். சமையல்காரர் நம் விழுப்புரம் பக்கம் முகையூர்க்காரர். திண்டிவனம் என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"உங்க ஊர் ஹவில்தார் ஒருத்தர் வந்திருந்தாரும்மா. சாப்பாட்டுக் கூடத்துல எந்த ஆபீசர் வந்தாலும் தட்ட உட்டுட்டு எழுந்து நிப்பாரு. ரிட்டயர் ஆயிட்டீங்களே, உக்காருங்கன்னா, 'பழகிப்போச்சு தம்பி, ஒரு வாய் எறங்க மாட்டுது'ன்னாரு. அப்பறம் இங்க ஸ்டூல்ல உக்காந்து, என்னாண்ட பேசிக்கினே நல்லா சாப்ட்டாரு. சும்மா சாப்ட கூச்சம்னு ரெண்டு சட்டியும் கழுவினாரு. நான் காய் வாங்கினு வர்றதுக்குள்ள போயிட்டாரு. மறுநாள் ஏன் வரலன்னு தெரியல."

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். 

மீதி இரண்டு நாளும் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து எழுந்து நின்றீர்களே, அதை நானும்தான் பார்த்தேன். தெரிந்தவர்கள் போலிருக்கிறது, மரியாதைக்கு எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் மட்டும் இந்த வாயாடி கேட்டிருப்பாளா?

கிளம்பும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அறை, சாப்பாடு, கவனிப்பு எல்லாம் திருப்தியா என்று கேட்டிருந்தது. செல்வி எல்லாவற்றுக்கும் டிக் அடித்தாள். குறைகள் என்று இருந்த இடத்தில் நான் பேனாவை வாங்கி எழுதினேன்: "உங்கள் சமையலறையில் என் கணவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவரை எழுப்பியது நான்."

என்னை மன்னித்துவிடுங்கள். அடுத்த வருஷமும் போவேன். யாராவது கூடத்தில் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றால், "வாங்கண்ணே, அடுப்பாண்ட உக்காந்து சாப்டலாம்" என்று நானே உள்ளே கூட்டிப்போவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் கோபக்கார மனைவி,
செல்வியின் அம்மா