கீழே விழுந்த சுரம்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் புது அறையில் தண்ணீர்க் கசிவு நின்றதா?

போன வாரம் கேட்டாயே, "அம்மாவுக்கு இன்னும் என் மேல கோவமாப்பா? நான் கூப்பிட்டாலே போனை உங்க கையில குடுத்துடறாங்க" என்று. அன்றைக்கு மழுப்பிவிட்டேன். நீ அவ்வளவு தூரம் வேலைக்குப் போனது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது இல்லை.

எங்கள் பாட்டுக் குழுவில் அடிச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கித்தார்க்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் வேலையை என் இடது கைக்குக் கொடுத்தேன். நீ கணினியில் ஏற்றித் தந்த ஆர்கன் மென்பொருளில் கீபோர்டை இரண்டாகப் பிரிக்கலாம் இல்லையா? இடப்பக்கக் கட்டைகளுக்கு ஆழ்ந்த பேஸ், வலப்பக்கத்துக்கு ஆர்கன் என்று பிரித்தேன். ஆனால் எல்லையை நட்டநடுவில் வைத்துவிட்டேன். பாட்டின் இரண்டாம் அடியில் ஒரு சுரம் கீழே இறங்கும். ஒத்திகையில் அது எல்லை தாண்டி பேஸ் பக்கம் போய் விழுந்தது. கூடமே அதிர்ந்தது. குழுவை நடத்தும் தையல்காரர், "என்னண்ணே, பாட்டுக்கு நடுவுல லாரி போகுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். தொண்டை சரியில்லை என்று பல மாதமாகப் பாடுவதில்லை. எனக்குத் துணையாக வந்து உட்காருவாள், அவ்வளவுதான். அந்தச் சுரம் விழுந்ததும் நிமிர்ந்தாள். அதையே பிசிறில்லாமல் முணுமுணுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த அடி முழுவதையும் இடப்பக்கத்திலேயே வாசித்தேன், முழுவதும் பாடினாள். வலப்பக்கம் போனேன், பாட்டை நிறுத்திவிட்டாள். தொண்டையில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து, காது சரியாகக் கேட்கவில்லையா என்று கேட்டேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு சொன்னாள்: "போன்ல சத்தம் கேக்குதுங்க, சொல்லுதான் புரியல. அவளுக்கு வேற கீச்சுக் குரல். எத்தனை தடவ என்ன, என்னன்னு கேக்கறது? நான் தப்பா எதையாவது சொல்லி, அம்மாவுக்கு வயசாயிடுச்சுன்னு அவ அங்க தனியா உக்காந்து அழணுமா?"

காது டாக்டரிடம் போனோம். மேல் சுரங்கள்தான் மங்கியிருக்கின்றன, கீழே நன்றாக இருக்கிறது, காதில் கருவி வைத்தால் பெரும்பாலும் தேறும் என்றார். "காதுல வண்ட வெச்சுக்கிட்டு எப்படிங்க வெளியில போறது?" என்கிறாள். ஆனால் அளவெடுக்கக் காதைக் காட்டினாள்.

நான் பிரிக்கும் எல்லையை நன்றாகக் கீழே தள்ளினேன். வலப்பக்கத்தில் ஆர்கனுக்கு அடியில், ஒரு ஸ்தாயி தாழ்ந்த இன்னொரு ஒலியை அடுக்கினேன். ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து வரும். திரையில் தெரியும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இழுவைப் பட்டைகளில் கீச்சென்று ஒலிப்பவற்றை உள்ளே தள்ளி, ஆழ்ந்தவற்றை வெளியே இழுத்தேன். நேற்று ஒத்திகையில் அம்மா தானாக எழுந்து இரண்டாம் வரிசைக்கு வந்து நின்றாள். "அண்ணிக்குத் தொண்டை திறந்துடுச்சு போல" என்றார் தையல்காரர். நான் திருத்தவில்லை.

இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் எடுத்தாலும், "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல். குரலை உயர்த்தாதே, தாழ்த்து. நிதானமாகப் பேசு. அவள் "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே. இன்னொரு தடவை சொல். எத்தனை தடவை ஆனாலும் சொல், கண்ணே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா