சிவப்பு அம்புக்குறி

என் பெஞ்சுக்காரிக்கு,

வருகைப் பதிவேட்டின் அட்டையில் நீ ஒட்டிவிட்டுப் போன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரின் ஒரு முனை பிய்ந்து எழுந்து நிற்கிறது. இன்று காலை ஒன்பதாம் வகுப்புக்குப் பெயர் கூப்பிட நோட்டை எடுத்தபோது கண்ணில் பட்டது. விரலால் அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. பசை தடவினேன். உங்கள் ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் சொல்யூஷன் முன்னால் இதெல்லாம் ஒரு பசையா என்று நீ கேலி செய்திருப்பாய். வருகையைச் செல்போனில் போடும் காலம் இது. ஆனாலும் நான் நோட்டை விடவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் பழைய அட்டையிலிருந்து இந்த ஸ்டிக்கரைப் பிளேடால் உரித்துப் புது அட்டைக்கு மாற்றுகிறேன். பக்கத்து வகுப்பு டீச்சர் இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு அந்தப் பட்டிமன்றத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாம் சேர்ந்து படித்த அதே ஆம்பூர்ப் பள்ளிக்கு நான் டீச்சராக வந்து சேர்ந்தபோது நீ ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராகியிருந்தாய். தினமும் காலையில் உன் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் நான் நடக்க வேண்டும். நீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நிற்பாய். "இன்னாடி டீச்சரம்மா, அசைஞ்சு அசைஞ்சு வர்ற? பெல் அடிச்சிருவாங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி விரட்டுவாய். விரட்டும்போதே எலுமிச்சை சாத டப்பாவை என் பையில் திணிப்பாய். என் சமையலைப் பற்றி உனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை.

அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியர்களே பேசும் பட்டிமன்றம் வைத்தார்கள். பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்தப் பெரிதும் காரணம் பெற்றோரா, கம்பெனிகளா என்பது தலைப்பு. நான் கம்பெனிகளே என்ற அணிக்குத் தலைவி. உன்னைக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்ததும் நானேதான். உன்னை எதிரில் வைத்துக்கொண்டே வெளுத்து வாங்கினேன். இங்கே ஒரு பெஞ்சு காலியானால் அங்கே ஒரு தையல் மெஷினுக்கு ஆள் கிடைத்துவிடுகிறது என்று முழங்கினேன். கூட்டம் கைதட்டியது. எல்லாரையும்விட அதிகமாகத் தட்டியவள் நீ. நடுவர் எங்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு.

வெளியே வரும்போது டம்ளரை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாய். "நல்லாத்தான் திட்டுன. அப்பா அம்மாவுக்கு ஒரு அணி, கம்பெனிக்கு ஒரு அணி. உங்க பள்ளிக்கூடத்துக்கு ஏன் அணி இல்ல?" தலைப்பு வைத்தது ஹெட்மிஸ்ட்ரஸ் என்று சொல்லி நழுவினேன். நீயும் விட்டுவிட்டாய். விட்டுவிட்டாய் என்றுதான் நான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, மூன்றாவது பீரியட் நேரத்தில், ஆசிரியர் அறை வாசலில் கோட்டோடு வந்து நின்றாய். உன் பின்னால் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பெண். கௌசல்யா. என் வகுப்பில் படித்தவள்தான்.

"டீச்சரம்மா, இது உன் டேபிள் பீஸான்னு பாரு. ரிட்டன் எடுத்துனு வந்திருக்கேன்" என்றாய். சிரிக்கவில்லை நீ. கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தாய். நான் எழுதிக் கொடுத்த டி.சி.

கௌசல்யா அதைத்தான் பிறந்த தேதிக்குச் சான்றாக உன் கம்பெனி வாசலில் காட்டி வேலை கேட்டிருக்கிறாள். வயது பதினைந்து என்று அதிலேயே இருப்பதைக்கூட அவள் யோசிக்கவில்லை. செக்யூரிட்டி திருப்பி அனுப்பப் பார்த்தபோது நீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்திருக்கிறாய். என் கையெழுத்து உனக்குத் தெரியாதா என்ன? எட்டாம் வகுப்பு முழுவதும் என் நோட்டைப் பார்த்துத்தானே எழுதினாய். இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய்.

நான் உடனே வக்கீலாக மாறினேன். அவள் அம்மா நாட்றம்பள்ளிக்குக் குடிபோகிறோம் என்று சொன்னார், அங்கே பள்ளியில் சேர்ப்பதாகச் சொன்னார், கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். சொல்லாத உண்மையும் ஒன்று இருந்தது. கௌசல்யாவுக்குக் கணக்கு வராது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவள் உட்கார்ந்தால் எங்கள் தேர்ச்சி விகிதம் இறங்கும். அவள் அம்மா வந்து கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எந்தப் பள்ளி என்றுகூடக் கேட்கவில்லை. வழக்கமாக ஒரு வாரம் இழுக்கும் தாளை அன்றைக்கே எழுதி, ஹெட்மிஸ்ட்ரஸிடம் நானே ஓடிக் கையெழுத்து வாங்கினேன். இதை நீ என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய்.

அப்போதுதான் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து அந்த ஸ்டிக்கர் தாளை எடுத்தாய். "எங்க லைன்ல பீஸ்ல தப்பு வந்தா, தப்பு இருக்கற எடத்துல இத ஒட்டி, தச்சவ டேபிளுக்கே திருப்பி அனுப்புவோம். லெதர் சரியில்ல, கட்டிங்கு சரியில்லன்னு அவ ஆயிரம் சொல்லலாம். நெஜமாவும் இருக்கலாம். ஆனா மொதல்ல அவ பிரிச்சுத் தைக்கணும். அப்புறம்தான் பஞ்சாயத்து." ஒரு அம்புக்குறியை உரித்தாய். கௌசல்யாமீது ஒட்டிவிடுவாயோ என்று ஒரு நொடி பயந்தேன். நீ அதை என் பதிவேட்டில் ஒட்டினாய், அம்பின் கூர்முனை என் நாற்காலியைப் பார்க்கும்படி.

கோபம் வந்தது எனக்கு. கௌசல்யாவை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு உன்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போய்க் கத்தினேன். "நீயும்தானே ஒன்பதாவதோட நின்ன. உன்னை யாரு நிறுத்துனா? நீயாத்தானே கம்பெனிக்குப் போன?"

நீ பஸ் நேரம் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னாய். "நான் எங்க போனேன்? அம்மை போட்டு வீட்ல கெடந்தேன். இருவது நாள். தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தா டீச்சர் பேர் கூப்பிடல. பேரை அடிச்சிட்டாங்களாம். லீடரு சொல்லிட்டாளாம், நான் கம்பெனிக்குப் போய்ட்டேன்னு. சரி, சொன்னா சொன்ன எடத்துக்கே போவோம்னு போய்ட்டேன்."

அந்த வகுப்புக்கு லீடர் நான்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. நீ சொன்னபிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீச்சர் உன் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று, "அவ இனிமே வர மாட்டா டீச்சர், கம்பெனிக்குப் போறா" என்று சொன்னேன். உங்கள் தெருவில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போனார்கள், நீயும் போயிருப்பாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உன் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு தெருதான். ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"கேட்டாத்தான சொல்றதுக்கு" என்றாய். உடனே என் தோளில் ஒரு தட்டு தட்டினாய். "அதுக்கு இன்னாத்துக்கு இப்ப அழுவுற? உன்ன விட நாலு பேரை ஜாஸ்தியாத்தான் மேய்க்கறேன். ஒரு டீ வாங்கிக் குடு, பர்மிஷன் டைம் முடியப்போவுது."

அடி, நீ கொஞ்சம் திட்டியிருக்கலாம். எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கௌசல்யா பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கித் தேறினாள். மாலை நேரங்களில் அவளோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியது நான், மக்கன்பேடா இனிப்பு டப்பாவோடு அவள் முதலில் போனதோ உன் வீட்டுக்கு. எனக்கு மிச்சம்தான் வந்தது. பொறாமையாக இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

இனி உன்னிடம் சொல்ல வந்த விஷயம். போன வாரம் என் வகுப்பில் ரெபேக்கா என்ற பெண் நாலு நாளாக வரவில்லை. ஐந்தாம் நாள் பெயர் கூப்பிட்டேன். லீடர் யாஸ்மின் எழுந்தாள். கெட்டிக்காரி, எதற்கும் பதில் வைத்திருப்பவள். "அவ இனிமே வர மாட்டா மிஸ், கம்பெனிக்குப் போறா" என்றாள்.

அதே வார்த்தைகள். "நீ போய்க் கேட்டியா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினாள்.

சாயங்காலம் யாஸ்மினின் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு இரண்டு பேரும் ரெபேக்காவைத் தேடிப் போனோம். ரெபேக்கா எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை. அவள் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். வீட்டில் தைத்துக் கொடுக்க எடுத்து வந்த ஷூ மேல்தோல்கள் பாயில் குவிந்து கிடந்தன. மகள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஊசி குத்திய விரல்களை மடக்கிக்கொண்டாள். "இந்த லாட்டைக் குடுத்துட்டா அனுப்பிடறேன் டீச்சர்" என்றார் அம்மா. பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த லாட்டு வந்தா இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியல" என்றார். எதிர்வீட்டு அம்மாவிடம் பேசினேன். அடுத்த லாட்டை அவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் மனம் மாறினால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. கம்பெனியையும் அரசாங்கத்தையும் கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றையும் கேட்பேன், என் வாய் உனக்குத் தெரியும். ரெபேக்காவிடம் ஒன்றுதான் சொன்னேன். "உன் பேரை தினமும் கூப்பிடறேன். அதை அடிக்க மாட்டேன்."

இன்று காலை, ஸ்டிக்கருக்குப் பசை தடவிவிட்டுப் பெயர்களைக் கூப்பிட்டேன். ரெபேக்காவின் முறை வந்தது. பதில் இல்லை. யாஸ்மின் எழுந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

"இன்னிக்கு வரல மிஸ். லாட்டு மதியம்தான் முடியுதாம். நாளைக்கு வர்றா. வர்ற வழியில நான் போய்க் கேட்டேன்."

உனக்காக நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். வேறொருத்தி சொல்லிவிட்டாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.