இடது இறக்கையை நக்கிய மாடு

கூப்பர் க்ரீக், நெப்ராஸ்கா
செப்டம்பர் 9, 1986

அன்புள்ள டோரன்ஸ்,

நீயும் ஆர்லிஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுடைய இருமல் இந்நேரம் குறைந்திருக்கும். அதற்காகத்தானே அறுபது வருடம் வாழ்ந்த மணல்மேடுகளை விட்டுவிட்டு, மழையைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்கிற ஊருக்குப் போனாய். இங்கே எல்லோரும் சுகம். போன வாரம் அடித்த காற்று நம் ஓடுபாதையில் கட்டியிருந்த காற்றுப்பையைப் பிடுங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுவதற்காக வைத்த பொருள், அந்த வேலையைக் கடைசிவரை செய்தது.

உன் பழைய விமானம் ஆண்டுச் சோதனைக்கு என்னிடம் வந்திருக்கிறது. உன்னிடம் வாங்கிய டாக்டரம்மா செட்லாசெக் அதை நன்றாகவே வைத்திருக்கிறார். பண்ணைக்குப் பண்ணை பறந்துபோய் மாட்டு வைத்தியம் பார்க்கிறார். ஒரே வருடத்தில் நூற்றுப்பத்து மணி நேரம் பறந்திருக்கிறார். நீ அதைப் பறக்கவிட்டதைவிடக் கழுவியதுதான் அதிகம்.

நம் வழக்கப்படி சோதனைத் துளைகளின் மூடிகளைக் கழற்றுவது சொந்தக்காரர் வேலை, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அவர் காலையிலேயே வந்து எல்லா மூடிகளையும் கழற்றி, திருகாணிகளைக் காபி டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டுவிட்டார். நான் வருவதற்குள் சும்மா இருக்க முடியாமல் விமானத்தின் பதிவேட்டை எடுத்துப் படித்திருக்கிறார். நாற்பது வருடப் பதிவேடு. அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

போன ஆண்டு, நீ விற்பதற்கு முன் நடந்த சோதனையில் நான் எழுதியிருந்தது இது: ‘இடது இறக்கை நுனி, அடிப்பக்கத் துணி. மாடு நக்கியதில் கிழிந்தது. உரிமையாளர் ஒட்டுப் போட்டுள்ளார். சரியாக உள்ளது.’

“வெர்லின், இந்த மாடு எவ்வளவு உயரம்?” என்று கேட்டார்.

“சாதாரண மாடுதாங்க.”

“இருபது வருஷமா மாட்டு வாய்க்குள்ள கைய விட்டுட்டிருக்கேன். துணி போர்த்துன விமானத்த மாடு நக்கும், ஒத்துக்கறேன். ஆனா வாலத்தான் நக்கும், அதுதான் வாய்க்கு எட்டும். இறக்க நுனி என் தலைக்கு மேல இருக்கு. அதுவும் அடிப்பக்கம். ஸ்டூல் போட்டு ஏறிச்சா?”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் எனக்கு முன்பே நிறுத்திவிட்டார்.

அந்த மாட்டைப் பற்றி உனக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுது. அவசரம் ஒன்றும் இல்லை. ஆர்லிஸை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
வெர்லின்


டூசான், அரிசோனா
செப்டம்பர் 17, 1986

அன்புள்ள வெர்லின்,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஆர்லிஸ் இப்போது மூச்சு வாங்காமல் தபால்பெட்டிவரை போய்வருகிறாள். இங்கே எல்லோரும் ஏதோ ஒரு குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. பேச்சு முழுக்கச் சிறுநீரகக் கற்களைப் பற்றித்தான். என்னிடம் ஒரு கல்கூட இல்லாததால் என்னை யாரும் மதிப்பதில்லை.

மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக நினைவிருக்கிறது. அது ஹோம்குவிஸ்ட்டின் மாடு. சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, இடது காதில் மஞ்சள் அட்டை. விமானம் சரிவில் நின்றது, மாடு மேட்டில் நின்றது. உயரம் அப்படித்தான் கிடைத்தது. நாக்கை இரண்டு தரம், இல்லை, மூன்று தரம் நீட்டியது. டாக்டர் படித்தவர், கேள்வி கேட்பது அவர் பழக்கமாக இருக்கும். அதற்கெல்லாம் நாம் என்ன செய்ய முடியும்?

‘சரியாக உள்ளது’ என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்தைவிட என் ஞாபகம் பெரிதில்லை. கையெழுத்தைப் போட்டு அவரை அனுப்பிவிடு.

அன்புடன்,
டோரன்ஸ்


கூப்பர் க்ரீக்
செப்டம்பர் 26, 1986

அன்புள்ள டோரன்ஸ்,

உன் கடிதம் வந்ததும் ஹோம்குவிஸ்ட்டைப் போய்ப் பார்த்தேன். போயிருக்க வேண்டாம். “செவப்பு மாடா? எங்கிட்டயா? எவன்யா சொன்னது? எங்க தாத்தா காலத்துலருந்து கறுப்பு மாடுதான். வேணும்னா கோர்ட்டுக்குப் போலாம் வா” என்றார். அவரைச் சமாதானம் செய்ய இரண்டு கோப்பைக் காபி ஆயிற்று.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போன வருடச் சோதனையின்போது உன் ஒட்டின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. விரலை விட்டேன். நுனி வளைவுக்குள்ளிருந்து சரளைக்கல் நாலைந்து விழுந்தது. மாட்டின் நாக்கில் சரளைக்கல் இருக்காது. எனக்கு அப்போதே தெரிந்தது. கற்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பதிவேட்டில் மாட்டை எழுதினேன். அந்த இறக்கையின் மூடிகளை மட்டும் நீ முன்னாலேயே மாட்டி வைத்திருந்தாய். ‘உன் நேரம் மிச்சமாகட்டுமே’ என்றாய். நானும் என் நேரத்தை மிச்சப்படுத்தினேன். அன்று ஆர்லிஸ் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்டுக் கொடுத்தனுப்பிய இனிப்பில் இரண்டு துண்டு தின்றேன்.

உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை, எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இறக்கைக்குள் நீளவாட்டில் ஓடுவது மரச்சட்டம். நுனி தரையில் இடித்தால் நுனிக்கு ஒன்றும் ஆகாது. அதிர்ச்சி உள்ளே ஓடி, தாங்குகம்பி வந்து சேர்கிற இடத்தில் மரத்தைக் குறுக்காக நசுக்கும். முடி கனத்தில் ஒரு கோடு விழும். அதன் மேல் தகடு இருப்பதால் துளை வழியாக டார்ச்சும் கண்ணாடியும் விட்டுப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். மூன்று நாள் பார்த்தேன். பாதிதான் தெரிகிறது. மீதியைப் பார்க்கத் துணியை அறுக்க வேண்டும். கத்தி மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் ஒரு பாகம் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எந்தப் பாகம் என்று கேட்டார். ‘வர்றப்ப தெரியும்’ என்றேன். அவர் அடுத்த மாதம் பதினொன்றாம் தேதியிலிருந்து சினை பார்க்கப் பறக்க வேண்டும். பண்ணைகள் அறுபது, எழுபது மைல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அந்தக் கோடு இருந்தால், காற்று மோசமாக இருக்கிற ஒருநாள் அந்த இறக்கை மடங்கும். இல்லையென்றால் நான் ஒரு நல்ல இறக்கையை வீணாக அறுத்தவன்.

இடித்ததா? எவ்வளவு வேகத்தில்? இதை மட்டும் எழுது.

உன்,
வெர்லின்


டூசான்
அக்டோபர் 2, 1986

வெர்லின்,

இடித்தது.

போன வருடம் ஜூலை கடைசி. பக்கவாட்டுக் காற்று. இறங்கி ஓடும்போது வால் என்னை முந்திக்கொண்டு சுற்றியது. இடது நுனி சரளையில் உரசிக்கொண்டு போய் நின்றது. நாற்பது மைல் வேகம் இருக்கும். பின் இருக்கையில் ஆர்லிஸ். “டோரன்ஸ், நாம எறங்கிட்டமா, விழுந்துட்டமா?” என்று கேட்டாள். எறங்கிட்டோம் என்றேன். அதன்பிறகு மூன்று வாரம் அதே விமானத்தில் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், எழுதத் தொடங்கிவிட்டேன்.

குளிர் வருவதற்குள் அவளை வறண்ட ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார் வைத்தியர். இறக்கை திறந்து கிடக்கும் விமானத்தை யாரும் வாங்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருந்தபோது ஒட்டுப் போட்டேன்.

ஆனால் ஒன்று, வெர்லின். மாட்டை நான் கொண்டுவரவில்லை. நீ ஒட்டைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “என்னப்பா, மாடு கீடு நக்கிடுச்சா?” என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். நீ வேறு எதைக் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. சௌகரியமாக இருக்கிறது அப்படித் தோன்றுவது.

கிறிஸ்துமஸுக்கு டாக்டர் ஒரு போட்டோ அனுப்பினார். அவரும் கணவரும் விமானத்தின் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆர்லிஸ் அதை அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள்.

நீ அறுத்துப் பார். ஆனால் என் பெயர் வேண்டாம். பழைய மரம், தானாக வந்த விரிசல் என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். ஆர்லிஸின் முகத்துக்காகக் கேட்கிறேன்.

டோரன்ஸ்


கூப்பர் க்ரீக்
அக்டோபர் 14, 1986

அன்புள்ள டோரன்ஸ்,

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. அன்றே அறுத்தேன். உன் பதிலுக்காகக் காத்திருந்திருக்கவே கூடாது என்பது கத்தி துணியில் இறங்கியபோது தெரிந்தது.

கோடு இருக்கிறது. தகட்டின் விளிம்புக்கு உள்ளே, சட்டத்தின் பாதி அகலத்துக்கு. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் தடவினார், சினைமாட்டைத் தடவுகிற மாதிரியே.

“எத்தன நாளா இருக்கு?”

“நீங்க வாங்கறதுக்கு முன்னாலருந்து.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“கோடு இருந்தது தெரியாது. இடிச்சிருக்குன்னு தெரியும்.”

அவர் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தார். பிறகு, “ஜூன்ல என் வீட்டுக்காரர் மைலோவைக் கூட்டிட்டுப் போனேன். காத்து தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அந்த மனுஷன் கம்பியப் புடிச்சுக்கிட்டு வெளிறிப்போய் உக்காந்திருந்தாரு. பயப்படாதீங்க, வெர்லின் பாத்துக் கையெழுத்துப் போட்டதுன்னு சொன்னேன்” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

நீ சொன்னது சரி. மாட்டை உனக்குக் கொடுத்தவன் நான்தான். பதிவேட்டில் எழுதிவிட்டேன்: போன ஆண்டுக் குறிப்பு பொய், எழுதியபோதே எனக்குத் தெரியும் என்று. சோதனை செய்து கையெழுத்துப் போடுகிற உரிமத்தையும் அதே விவரத்தோடு அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்பினேன். ஒரு அதிகாரி போனில் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகப் பேசினார். முப்பத்தோரு வருடத்தில் அவர்கள் என்னிடம் மரியாதையாகப் பேசியது அன்றுதான். இனி திருகாணி முடுக்கலாம், அடுத்த ஊர்க்காரர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

இறக்கையின் புது மரச்சட்டத்துக்கு ஸ்ப்ரூஸ் மரம் வந்திருக்கிறது. நானே செய்கிறேன், கூலியில்லாமல். இந்தப் பருவத்துக்கு டாக்டர் காரில்தான் போகிறார், விடியுமுன் கிளம்பி. திரும்பும் வழியில் தினமும் கொட்டகைக்கு வந்து ஒரு மணி நேரம் இழைத்துவிட்டுப் போகிறார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் ஒட்டுகிற ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

இறக்கை தரையில் இடித்தது அவருக்குத் தெரியும். யார் இடித்தது, யார் மறைத்தது என்று நான் சொல்லவில்லை. பழைய மரம் என்றும் சொல்லவில்லை. என் பங்கை நான் சொல்லியாயிற்று. உன் பங்கை நான் சொன்னால், அதுவும் நீ சொல்லாததாகவே இருக்கும். இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். அவர் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டியிருக்கிறேன். உள்ளே வைக்க வேண்டியதை மட்டும் நீ எழுத வேண்டும். ஆர்லிஸும் கையெழுத்துப் போட விரும்பினால் இடம் விடு.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவர் தினமும் வருகிறார். உறை வந்தால் அவர் முகத்தில் எனக்குத் தெரியும். வராவிட்டாலும் தெரியும்.

வெர்லின்