காலாவதியான பிரெஞ்சு

செப்டம்பர் 9, செவ்வாய்

என்னுடைய பிரெஞ்சு காலாவதியாகிவிட்டதாம்.

பன்றி இறைச்சி ஆலையின் பணியாளர் அலுவலகத்தில், எங்கள் காகிதங்களைக் கவனிக்கும் மனோன் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கியூபெக்கில் நிரந்தரமாகத் தங்குவதற்கு நான் போட்ட விண்ணப்பத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காரணம் ஒரே வரி. மொழித்தேர்வுச் சான்று இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். உங்களுடையது இரண்டு ஆண்டும் ஒன்பது நாளும் ஆகிவிட்டது.

ஒன்பது நாள். பால் பாக்கெட்டா இது, திரிந்துபோக? அந்த ஒன்பது நாளில் எந்த வினைச்சொல் என்னை விட்டு ஓடிப்போனது? மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டில், போய்கோன் ஊர் மேல்நிலைப் பள்ளியில், பன்னிரண்டு வருஷம் பிரெஞ்சு இலக்கணம் நடத்தியவள் நான்.

மதிய இடைவேளையில் குடியேற்ற அமைச்சகத்துக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை எதற்கு மறுபடியும் நிரூபிக்க வேண்டும் என்று பிரெஞ்சிலேயே வாதாடினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "நீங்க ரொம்ப அழகா பேசுறீங்க மேடம். ஆனா அதை நான் எங்கயும் குறிச்சுக்க வழியில்ல" என்றாள்.

செப்டம்பர் 10

கத்தி இரண்டு முறை எலும்பில் மாட்டியது. கோபத்தோடு தொடைக்கறி அறுக்கக்கூடாது.

செப்டம்பர் 12, வெள்ளி

உணவறை ரேடியோவில் குடியேற்ற அமைச்சர். வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கப்போகிறார்களாம். நம் மொழி ஆபத்தில் இருக்கிறது, இந்த மண்ணுக்கு வருகிறவர்கள் நம் மொழியில் பேச வேண்டும் என்றார். மேஜையைச் சுற்றி எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். பிலிப்பைன்ஸ்காரர்கள், கொலம்பியாக்காரர்கள், நான். உள்ளூர்க்காரர் எங்கள் அறுப்பு வரிசையின் மேற்பார்வையாளர் நொர்மான் ஒருவர்தான்.

நொர்மானுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினான்கு வயதில் இதே ஆலைக்குள் நுழைந்தவர். ரேடியோவை அணைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"இதெல்லாம் உன்னைச் சொல்லல பெலாஜி."

"பின்னே யாரைச் சொல்றாங்க?"

"மத்தவங்கள. மான்ட்ரியல்ல வந்து குவியுறாங்களே, அவங்கள."

"நான் எப்படி வந்தேன்? இங்கயே முளைச்சேனா?"

"கோவிச்சுக்காத. நீ நல்ல பிரெஞ்சு பேசுற."

"அதைப் போய் உங்க அமைச்சர்கிட்ட சொல்லுங்க."

"அதென்ன, மூணு வருஷமா 'நீங்க, உங்க'ன்னே பேசுற? நான் என்ன பாதிரியாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவரோ அமைச்சரின் கட்சிக்குத்தான் வாக்குப் போட்டவர். மறைக்கக்கூட மாட்டார். அவர் காருக்குப் பின்னால் அந்தக் கட்சியின் ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று யாதிரா வகுப்புக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தாள். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் கொலம்பியாப் பெண். வேலை முடிந்து குளித்து, ஈரத் தலையோடு வாரம் மூன்று மாலை பிரெஞ்சு வகுப்புக்கு ஓடுவாள். பள்ளிக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறதாம். இந்த ஆண்டுக்கான நிதி முடிந்தது, வகுப்புகள் இல்லை.

"திறக்கிறது எப்போன்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த வரி முழுசா புரியல அக்கா. போட்டோ எடுத்துட்டு வந்தேன்."

படித்துப் பார்த்தேன். எப்போது என்று போடவில்லை.

பேசு என்கிறார்கள். பேசக் கற்றுக்கொடுக்கும் இடத்தைப் பூட்டுகிறார்கள். பூட்டிய செய்தியை, கற்காதவர்களுக்குப் புரியாத பிரெஞ்சில் எழுதி ஒட்டுகிறார்கள். அந்தத் தாளில் ஓர் இலக்கணப் பிழை வேறு. பிழையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க சொல்லிக் கொடுங்களேன்" என்றாள்.

முடியாது என்றுவிட்டேன். பத்து மணி நேரம் நின்ற கால். ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. இவர்கள் செய்ய வேண்டிய வேலையை நான் ஏன் இனாமாகச் செய்ய வேண்டும்? — அவள் முகத்தைப் பார்க்காமல் அறைக்குப் போய்விட்டேன். என் கோபம் எப்போதும் பக்கத்தில் இருக்கிறவர் மேல்தான் விழுகிறது.

செப்டம்பர் 23

சமையலறை மேஜையில் ஒரு மணி நேரம் யாதிராவுக்கு வினைச்சொல் பாடம். எதிர்காலம்.

அக்டோபர் 4, சனி

தேர்வு. இதற்காகப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் கியூபெக் நகரத்துக்கு.

விரல் ரேகை எடுத்தார்கள், காதணியைக் கழற்றச் சொன்னார்கள். காதுக்குள் கேட்ட குரல்கள் எல்லாம் பாரிஸ் ஆட்களுடையவை. இங்கே ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. நொர்மான் இந்தத் தேர்வை எழுதினால் கேட்டறியும் பகுதியிலேயே விழுந்துவிடுவார்.

பேச்சுத் தேர்வில் ஓர் இளம்பெண் ஒரு விளம்பரத்தை நீட்டினாள். கைவிடப்பட்ட நாய்களை வாரக் கடைசியில் நடக்கக் கூட்டிப்போக ஆள் தேவை. "நான் உங்க தோழி. எனக்கு விருப்பமில்ல. என்னை ஒத்துக்க வையுங்க."

என் மகள்கள் சிதோனியையும் ஒதில்லையும் மூன்று வருஷமாகத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் நாய்க்காகப் பேசினேன்.

நன்றாகவே பேசினேன். நடுவில் என்னவோ ஆயிற்று. அந்த நாய் வேறு ஊரிலிருந்து வந்தது என்றேன். கூப்பிட்டதால்தான் வந்தது. குரைக்கச் சொன்ன மொழியில் குரைத்தது. இப்போது அதற்குக் குரைக்கத் தெரியுமா என்று சீட்டுக் கேட்கிறார்கள் என்றேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நேரம் முடியும்வரை நான் நிறுத்தவில்லை.

வெளியே வந்தபின் பயம் பிடித்துக்கொண்டது. ஏன் வாயை அடக்கவில்லை? மனோன் சொல்லியிருந்தாள், அமைதியா இரு, சிரிச்ச முகமா இரு என்று. 

அக்டோபர் 19, ஞாயிறு

கோஸ்மோடு போனில் பேசினேன். என் கணவர் எதையும் மெதுவாகத்தான் கேட்பார்.

"சிதோனி அம்மா, திரும்பி வந்துடலாமான்னு தோணுதா உனக்கு?"

"உங்களுக்குத் தோணுதா?"

"பிள்ளைங்ககிட்ட அடுத்த வருஷம்னு சொல்லிட்டேன். போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னேன்."

 ஒதில் போனை வாங்கி ஒரு பாட்டுப் பாடினாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்ததாம்.

அக்டோபர் 31, வெள்ளி

நிரந்தரமாகத் தங்குவதற்கான திட்டத்தை மூடிவிட்டார்கள். இந்த ஆண்டுக்கான எண்ணிக்கை எட்டப்பட்டது, புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா. மனோன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மறுபடி திறப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் வேலை அனுமதி பிப்ரவரி 28 வரை.

நவம்பர் 3, திங்கள்

தேர்வு முடிவு வந்தது. நான்கு பகுதியிலும் மிக உயர்ந்த நிலை. பேச்சில் முழு மதிப்பெண். நாய் காப்பாற்றியிருக்கிறது.

மூன்று நாள் தாமதம்.

எண்ணிக்கையாம். யார் எண்ணுகிறார்கள்? ஆலையில் ஆள் போதாமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்கோன் வரைக்கும் வந்து எங்களைப் பொறுக்கினார்களே, அப்போது இவர்களுக்கு எண்ணத் தெரியவில்லையா? கூடத்தில் வைத்து எங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பற்களைத்தான் பார்க்கவில்லை. பிரெஞ்சு பேசுகிறவர்கள், நம்மோடு ஒட்டிக்கொள்வார்கள் என்றார்கள். ஒட்டிக்கொண்டேன். இவர்களுடைய குளிரில், இவர்களுடைய பன்றியின் தொடையை, ஒரு நாளைக்கு எண்ணூறு. அது ஓர் எண்ணிக்கை. அதை யாரும் ரேடியோவில் சொல்வதில்லை.

முடிவுத் தாளைக் கொண்டுபோய் உணவறைச் சுவரில் ஒட்டினேன், பாதுகாப்பு விதிகளுக்குப் பக்கத்தில். ஒருவரும் எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நொர்மான் வீட்டுக்கு வந்தார். முதல் முறை. காலணிப் பனியைத் தட்டிவிட்டு, வாசலிலேயே நின்று, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத் தாளை எடுத்தார். ஒன்றும் எழுதாத தாள்.

"நம்ம தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் போடணும். உன்னைப் பத்தி. ஏற்கெனவே வந்தவங்கள விட்டு வைக்கணும்னு."

"போடுங்க."

"நீ எழுதணும்."

புரியாமல் பார்த்தேன். கழுத்து சிவந்துபோயிற்று அவருக்கு.

"எட்டாவதோட ஆலைக்கு வந்தவன் நான். கையெழுத்துப் போடுவேன், வாரப் பட்டியல் படிப்பேன். கடிதமெல்லாம் என் பொண்டாட்டி பார்த்துக்குவா. அவ போயி நாலு வருஷமாச்சு."

நாற்பத்து நான்கு வருஷம் பிறந்த மண்ணில் தாய்மொழியில் வேலை செய்த மனிதர். அவரிடம் ஒருவரும் சான்று கேட்டதில்லை. கேட்டால் தோற்பார். தோற்றால் அவரை எங்கே அனுப்புவார்கள்? — எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கத்தத் தோன்றியது. இரண்டும் செய்யாமல் நாற்காலியைக் காட்டினேன். யாதிரா காபி போட்டாள்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "இந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யுறா. ஒரு நாள் லீவு போட்டதில்ல. எங்களவிட நல்லா நம்ம மொழி பேசுறா. இவளையே அனுப்பிட்டா அப்புறம் யாரைத்தான் வெச்சுக்கப் போறீங்க?"

முடித்து வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். பிறகு மோவாயைச் சொறிந்தார்.

"ரொம்ப ஒழுங்கா இருக்கு. என்னை எல்லாருக்கும் தெரியும் இந்த ஊர்ல. நான் எழுதலன்னு பார்த்ததுமே கண்டுபிடிச்சிருவாங்க. கொஞ்சம் தப்பு போடு."

"என்னது?"

"நாலஞ்சு தப்பு. எங்க போடணும்னு உனக்குத்தானே தெரியும்."

பன்னிரண்டு வருஷம் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியவை. இரண்டு பன்மையைக் கெடுத்தேன். ஒரு வினைச்சொல்லைக் காதில் விழுகிறபடி எழுதினேன். நான்காவதாக ஓர் ஒற்றெழுத்தை விழுங்கினேன். கை கூசியது. என் நல்ல பிரெஞ்சை நம்பாதவர்கள் இவருடைய கெட்ட பிரெஞ்சை நம்புவார்கள், ஏனென்றால் அதை இங்கே பிறந்தவன் எழுதியிருக்கிறான். நொர்மான் நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கையெழுத்திட்டார்.

போகும்போது, "நான் அவங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றார்.

"தெரியும்."

"இப்படி ஆகும்னு நினைக்கல."

"நினைச்சிருக்கணும் நீங்க."

 வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

டிசம்பர் 11, வியாழன்

உறுப்பினர் அலுவலகத்திலிருந்து பதில். நொர்மான் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம். எண்ணிக்கையை அரசு முடிவு செய்கிறது. தனிநபர் விஷயங்களில் தலையிட இயலாது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"இனிய கிறிஸ்துமஸ்னும் போட்டிருக்காங்க."

டிசம்பர் 15, திங்கள்

யாதிரா புறப்படுகிறாள். ஆல்பர்ட்டாவில் மாட்டிறைச்சி ஆலையாம்.

"அங்க பிரெஞ்சு வேண்டாமாம் அக்கா. கத்தி பிடிச்சா போதுமாம்." நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைப்பதா வேண்டாமா என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு எதிர்காலம் இப்போது பிழையில்லாமல் வருகிறது.

டிசம்பர் 17, புதன்

மனோன் என்னைக் கழிப்பறைப் பக்கம் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் திணித்தாள். மனிடோபாவில் ஒரு பிரெஞ்சுப் பள்ளி, வகுப்பு உதவி ஆசிரியர் தேவை. கியூபெக்குக்கு வெளியே என்றால் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு மத்திய அரசு தனியாக வேலை அனுமதி கொடுக்கிறதாம், சீக்கிரமாகவே.

"இதை நான் கொடுத்தேன்னு சொல்லிடாத. ஆள் போறதுக்கு நானே வழி காட்டினா என் வேலை போயிரும்."

முதலில் அவமானமாக இருந்தது. இங்கிலீஷ்காரர்கள் ஊரில் போய் நான் பிரெஞ்சு பேசிப் பிழைக்க வேண்டுமா? பிரெஞ்சு ஊரில் என் பிரெஞ்சு செல்லாதா? தாளைக் கசக்கினேன். வீட்டுக்கு வந்து மேஜை மேல் வைத்து நீவி விட்டேன்.

ஜனவரி 14

கணினி வழியே நேர்காணல். பள்ளித் தலைவி லாஜிமோதியேர் அம்மையார், அறுபது வயதிருக்கும். பத்து நிமிடத்தில், "எப்போ வர முடியும்?" என்றார். தேர்வுத் தாளைக் காட்டட்டுமா என்றேன். "எதுக்கு? இப்போ பேசிட்டுத்தானே இருக்கோம்" என்றார்.

கணினியை மூடிய பிறகு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவு சுலபமான ஒரு வாக்கியத்தை இங்கே மூன்று வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை என்ற ஆத்திரத்தில்.

பிப்ரவரி 20

மனிடோபாவுக்கான வேலை அனுமதி வந்தது. நொர்மான் பேருந்து நிலையத்துக்குத் தானே கூட்டிப்போவேன் என்கிறார். சரி என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

நொர்மான் போன் செய்தார். மாலைப் பணிநேரத்தை மூடிவிட்டார்களாம், ஆளில்லை. அவரையே கத்தி பிடிக்க வைத்திருக்கிறார்கள்.

"தோள் வலிக்குது. அங்க எப்படி? இங்கிலீஷ்தானா எல்லாம்?"

"தெருவில இங்கிலீஷ். பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு. பிள்ளைங்க விளையாட்டு மைதானத்துக்குப் போனதும் மாறிடுறாங்க."

"நீ என்ன பண்ணுற?"

"பின்னாலயே போய் பிரெஞ்சுல பேசுறேன்."

 "அதுக்கு உன்னை இங்கயே வெச்சிருந்திருக்கலாம்" என்றார்.

ஆமாம் என்றேன். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச் 27, வெள்ளி



கோஸ்முக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்துவிட்டது. பள்ளி அலுவலகத்தில் இருவரின் சேர்க்கைப் படிவங்களையும் நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: பிள்ளைக்கு மொழி உதவி வகுப்பு தேவைப்படுமா? என் பேனா நின்றுவிட்டது.  இங்கேயும் ஆரம்பிக்கிறதா என்று செயலாளரை முறைத்தேன்.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ, அது உங்க பொண்ணுங்களுக்கு இல்ல. எங்க பிள்ளைங்களுக்கு. உங்க பொண்ணுங்க ரெண்டு பேரையும் வெவ்வேற மேஜையில உட்கார வைக்கணும்னு டீச்சருங்க இப்பவே சண்டை போடுறாங்க. பக்கத்துல உட்கார்ந்து கேட்டாவது நம்ம பிள்ளைங்களுக்குப் பேச்சு வரட்டுமேன்னு."

தேவையில்லை என்ற கட்டத்தில் இரண்டு முறை குறியிட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்துவிட்டது. செயலாளர் வேறு தாள் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.